பகல் கச்சேரிக்குப் போன மூன்று மார்கழிகள்

இன்று காலை செய்தித்தாளை உதறியபோது நான்காக மடித்த ஒரு தாள் காலடியில் விழுந்தது. வழக்கமாக இப்படி விழுவது மனை விற்பனை விளம்பரமாக இருக்கும். இது நகரத்துக் கலை மையம் ஒன்றின் மார்கழி இசை விழா நிகழ்ச்சி நிரல். இன்னும் கார்த்திகை பாதிகூட ஆகவில்லை, அதற்குள் அச்சடித்துவிட்டார்கள். விரித்ததும் புது மை வாசம் வந்தது.

இந்தத் தாளைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் மாலை ஆறு மணிக் கச்சேரிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். என் கண் மட்டும் பகல் பன்னிரண்டு மணிப் பட்டியலுக்குப் போகிறது. அங்கே யாரும் கேள்விப்படாத பெயர்கள், சின்ன எழுத்தில். அந்த நேரத்துக்கு அனுமதிச்சீட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

என் கணவர் இதைப் பார்த்தால் சிரிப்பார். எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்க ஊதிக்கொண்டிருந்ததைக் கேட்டு, அருமையாக வாசிக்கிறார் என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னவள் நான். அந்த அம்மாள் பந்தி முடியும்வரை என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவள் மூன்று மார்கழிகள் கச்சேரிக்குப் போயிருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் மரகதம்.

மை வாசத்தில் எண்ணெய் வாசம் கொஞ்சம் கலந்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? மரகதத்தின் தலைமுடியில் எப்போதும் எண்ணெய் வாசம் இருந்தது. தேங்காய் எண்ணெய் அல்ல, இயந்திர எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டு அலசுவாள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மறுபடியும் அந்த வாசம் வந்துவிடும்.

ஒரகடத்தில் கார்களுக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். 2009 வாக்கில் என்று நினைக்கிறேன். நான் பி.காம். படித்துவிட்டு, ஆபீஸில் பணியாளர் பிரிவில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். தகட்டை வைத்துக் கையை எடுத்ததும் இயந்திரம் ஓங்கி இறங்கும், தகடு வளைந்து வெளியே வரும். அதுபோல இருபது இயந்திரங்கள் வரிசையாக. நான் ஏதாவது கையெழுத்து வாங்க அந்தப் பக்கம் போனால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். அவள் அங்கே எட்டு மணி நேரம் நின்றாள். ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு.

முதலில் அவளைப் பார்த்தது கம்பெனி பஸ்ஸில். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி முனகிக்கொண்டே வந்தாள். வயிற்று வலி போல என்று எனக்குப் பரிதாபமாகிவிட்டது.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?"

கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பாடுதேன்ட்டி" என்றாள்.

அவள் திருச்செந்தூர்ப் பக்கம். நான் வாலாஜாபாத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமம். கம்பெனி பஸ் அங்கே வராது என்பதால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீட்டின் மாடியில் எட்டுப் பெண்களோடு ஒருத்தியாக இருந்தேன். பத்தாவது ஆளாக மரகதமும் அங்கே வந்து சேர்ந்தாள். என் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். "கீது கீதுன்னு பேசுதியே, அது என்னட்டி எலி கத்துத மாதிரி" என்பாள்.

அவளுக்குப் பாட்டு எப்படி வந்தது என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் படித்த அரசுப் பள்ளிக்கு ஒரு பாட்டு டீச்சர் வந்தார். இரண்டு வருஷம் இருந்தார், மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இரண்டு வருஷத்தில் கற்றதை இவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். மிச்சம் ரேடியோ. யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய மின்சாரச் சுருதிப்பெட்டி ஒன்றை வைத்திருந்தாள். காலையில் மொட்டைமாடியில் துணி துவைக்கிற கல்லின் மேல் அதை வைத்துவிட்டுப் பாடுவாள். நான் பல் துலக்கிக்கொண்டே கேட்பேன். எனக்கு ராகம் எல்லாம் தெரியாது. ஆனால் அவள் பாடும்போது வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிடுவேன். கீழே இருந்து வீட்டுக்கார அம்மா, "பொண்ணுங்களா, தண்ணி நின்னுடப் போவுது, புடிச்சிக்கினு அப்புறம் பாட்டு கேளுங்க" என்று கத்துவார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

அந்தக் கலை மையத்தைப் பற்றி அவளுக்கு ரேடியோவில்தான் தெரியும். நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு அங்கே போகாமல் இருப்பதா என்று அந்த வருஷ மார்கழியில் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் இருந்த வீட்டு கேட்டை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், அதனால் மாலைக் கச்சேரிக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் கச்சேரி. பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீளமான கரையைப் பார்த்து, "ஏயப்பா, எங்க ஊரு கொளம் பத்துக் காணும்" என்றாள்.

மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. கழற்றிவிட்டோம். உள்ளே போனபிறகுதான் எல்லோரும் செருப்போடு இருப்பது தெரிந்தது. முந்நூறு பேர் உட்காரக்கூடிய அரங்கத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் பத்துப் பேர் தூங்கினார்கள். நான் பின்னால் உட்காரப் போனேன். மரகதம் என் கையைப் பிடித்து இரண்டாவது வரிசைக்குக் கூட்டிப் போனாள்.

பாடியது எங்கள் வயதுப் பெண். மரகதம் தொடையில் தாளம் போட்டாள். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். "மோகனம்ட்டி" என்றாள், ஏதோ சொந்தக்காரர் வந்துவிட்டார் என்பதுபோல. வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்து நின்றாள். விழாவில் ஒரு நாள் காலை புதியவர்களுக்கு. பாடிப் பதிவு செய்து அனுப்பலாம், தேர்வானால் கால் மணி நேரம் மேடை. கம்பெனி பஸ் அட்டையின் பின்பக்கத்தில் அந்த விலாசத்தை எழுதிக்கொண்டாள்.

அடுத்த மார்கழிக்கு அனுப்பினாள், பதில் வரவில்லை. பார்வையாளர்களாகவே போய் வந்தோம். அதற்கும் அடுத்த வருஷத்துக்காக இன்னும் மும்முரமாகப் பயிற்சி செய்தாள்.

அந்த வருஷம்தான் சுருதிப்பெட்டியின் சத்தம் கூடிக்கொண்டே போனது. வீட்டுக்கார அம்மா மேலே ஏறி வந்துவிட்டார். "இன்னாம்மா இது, மாரியம்மன் கோயில் மைக்செட்டு மாதிரி கீது?" மரகதம் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "பொட்டி மக்கர் பண்ணுதுக்கா" என்றாள். நானும் அதைத்தான் நம்பினேன். எனக்குக் கணீரென்று கேட்கும் பெட்டி அவளுக்கு மட்டும் ஏன் மக்கர் பண்ண வேண்டும் என்று யோசிக்கவில்லை.

பஸ்ஸில் ஒருநாள் பின் இருக்கையிலிருந்து அவளை நாலு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பதையே அவள் கவனிக்கவில்லை என்பதில் இன்னும் கோபம்.

பிறகு அவளே ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சொன்னாள். "காதுக்குள்ள எந்நேரமும் ஒரு சில்வண்டு கத்துதுட்டி. அதுக்கும் பொட்டிக்கும் சேர மாட்டேங்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"காதுக்கு அடைப்பான் குடுக்கலியா உங்களுக்கு?"

"பெர்மனன்ட் ஆளுவளுக்குத்தான் அது. எங்களுக்குப் பஞ்சு. பஞ்ச வச்சா சூப்பர்வைசர் கூப்பிடுதது கேக்காது. கேக்கலன்னா அதுக்கு வேற ஏச்சு வாங்கணும்."

அந்த ஐப்பசியில் கம்பெனிக்கு மருத்துவ வேன் வந்தது. எல்லோருக்கும் கண், ரத்த அழுத்தம், பிரஸ் ஷாப் ஆட்களுக்குக் காது. இரண்டு வாரம் கழித்து அறிக்கைகள் கட்டாக என் மேஜைக்கு வந்தன. அவற்றை கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பாதிக்கு மேல் தட்டிய பிறகு மரகதத்தின் பெயர் வந்தது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, உயர்ந்த ஒலிகளில் அதிகம். சத்தமில்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அவள் ஒருத்திக்கு மட்டும் அல்ல. வரிசையாகப் பதினோரு பேர். எல்லோரும் காண்ட்ராக்ட்.

கட்டை எடுத்துக்கொண்டு எங்கள் அதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் தம்பிக்குக் காலேஜில் இடம் கிடைக்க யாரிடமோ பேசி உதவியவர். புரட்டிப் பார்த்தார்.

"காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இதெல்லாம் தனியா காட்ட வேணாம்மா. எல்லாருக்கும் ஃபிட்னு போட்டுடு."

"சார், டாக்டர் மாத்தச் சொல்லி எழுதிக்கிறாரு."

"மாத்துறதுக்கு எங்க எடம் இருக்கு? இத எடுத்தா எல்லாரையும் நிறுத்திடுவாங்க. அவங்க பொழப்புல மண்ண போடணுமா நீ?"

அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படுவது எனக்கு வசதியாகவும் இருந்தது. இடத்துக்கு வந்து பதினோரு பேருக்கும் 'ஃபிட்' என்று தட்டினேன். மரகதத்தின் அறிக்கையை மட்டும் ஒரு நகல் எடுத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று மாலையே அவளிடம் சொல்லிவிடுவது என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போனால் மாடிப்படியில் அவள் நிற்கிறாள். கையில் ஒரு கடிதம். கலை மையத்திலிருந்து வந்தது. தேர்வாகிவிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். எட்டுப் பெண்களும் கூடி ஆர்ப்பாட்டம். வீட்டுக்கார அம்மா கேசரி கிளறினார். அந்தக் கேசரியைச் சாப்பிட்டபடி நான் முடிவு செய்தேன்: பாடி முடிக்கட்டும், பிறகு சொல்லலாம்.

பாடுகிற ஞாயிற்றுக்கிழமை பச்சைப் புடவை கட்டினாள். என் புடவைதான். கால் மணி நேரத்தில் இரண்டு பாட்டு. முதல் பாட்டு கீழேயும் நடுவிலும் உலாவுகிற பாட்டு. நன்றாகத்தான் இருந்தது, முன் வரிசையில் ஒருவர் தலைகூட ஆட்டினார். இரண்டாவது பாட்டில் மேலே ஏறினாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? எனக்கே தெரிந்தது. மேலே போகப்போக அவள் குரல் ஒரு பக்கமும் தம்புரா ஒரு பக்கமும் போயின. வயலின் வாசித்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வில்லை அழுத்தி சுருதியை ஒரு முறை இழுத்துக் காட்டினாள். இன்னொரு முறை. மரகதம் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தாள், நன்றாக வாசிக்கிறாய் என்பதுபோல. அரங்கத்தில் சிலர் குனிந்து மடியில் இருந்த தாளைப் படிக்க ஆரம்பித்தார்கள். நான் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

இறங்கி வந்ததும் விழாவை நடத்தும் வயதான அம்மாள் ஒருவர் அவள் தோளில் கை வைத்தார். பக்கத்தில் அடுத்த ஆளுக்கு மிருதங்கம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் மெல்லிய குரலில் பேசினார். "நல்ல குரல்மா உனக்கு. ஆனா மேல போகப்போக சுருதி வெலகுது. நீ கேக்காம பாடுற மாதிரி இருக்கு. ஒரு தரம் காத காட்டிடேன்."

மரகதம் சிரித்த முகத்தோடு தலையாட்டினாள். அவர் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினாள். "இந்தச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கலட்டி. அந்தம்மா என்ன சொல்லுதாவ?"

"நல்ல குரலுன்னு சொன்னாங்க" என்றேன்.

பொய் இல்லை. அவர் சொன்னதில் முதல் வரி அதுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த வருஷம் என்ன பாடலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இப்படி ஒரு வாரம் ஓடியது. அடுத்த ஞாயிறு காலை மொட்டைமாடியில் சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டும் திருகை அவள் கடைசிவரை திருப்பியபோது எனக்குத் தாங்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு அந்த நகலை எடுத்து நீட்டினேன். அவள் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். புரியாத இடங்களை நான் சொன்னேன்.

"இது எப்ப வந்துது?"

"போன மாசம்."

"நா பாடுததுக்கு முன்னாலயா?"

"ஆமா."

"அந்தம்மா சொன்னதும் இதத்தானா?"

"காத காட்டச் சொன்னாங்க."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்களுக்கெல்லாம் ஃபிட்டுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டிருந்துச்சே. அத யாரு டைப் அடிச்சா?"

"நான்தான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். என் துணிகளையும் சேர்த்து மடித்தாள். பிறகுதான் சொன்னாள். "முன்னாலயே சொல்லிருந்தா நா அங்க போயிப் பாடிருக்க மாட்டேன்லா. நல்லாப் பாடுவேங்கிற நெனப்பாவது மிஞ்சிருக்கும்."

நகரத்தில் அரசு மருத்துவமனைக்கு அவளோடு போனேன். போனது திரும்ப வராது, இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வேலையை விடு என்றார் டாக்டர். நான் அதிகாரியிடம் போய் அவளை பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். பங்குனியில் காண்ட்ராக்ட் முடிந்தபோது புதுப்பிக்கப்படாதவர்கள் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. பதினோரு பேரும் அதில் இருந்தார்கள். அந்தப் பட்டியலையும் நான்தான் தட்டினேன். நான் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. இன்னும் மூன்று வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மறைமலை நகரில் அவளை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டேன். தெற்கே போகும் பஸ்களுக்காக நிறையப் பிள்ளைகள் பைகளோடு நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம். அவள் குரல் அதற்குள் உயர்ந்துவிட்டிருந்தது. காது கேட்காதவர்கள் பேசுவார்களே, அப்படி. "நல்லாச் சாப்புடுட்டி! ஓம் பச்சச் சேலைய தொவச்சு வச்சிருக்கேன், பாத்தியா!" என்று கத்தினாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசு என்று நான் சொல்லவில்லை. நானும் அவளுக்குச் சமமாகக் கத்தினேன். "பாத்தேன்டி! போயி லெட்டர் போடு!"

இரண்டு கடிதம் வந்தது. நான் ஒன்றுக்குத்தான் பதில் போட்டேன்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. 2015 வாக்கில் மூடினார்கள். இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபிறகு அந்தக் கொட்டகையில் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று காவலாளி சொன்னார். நாங்கள் இருந்த வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள், மொட்டைமாடி முழுக்க டவர். வீட்டுக்கார அம்மா மகளோடு போய்விட்டார், பிறகு இறந்தும் போனார். எட்டுப் பெண்களில் இருவரின் முகம்தான் நினைவில் இருக்கிறது. கலை மையம் மட்டும் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். புது நாற்காலிகள் போட்டிருக்கிறார்களாம். நான் போனதில்லை.

சில வருஷங்களுக்கு முன் பழைய கம்பெனிப் பெண் ஒருத்தியைப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் பார்த்தேன். மரகதத்துக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறாள் என்று நம்பர் கொடுத்தாள். நாலைந்து நாள் தயங்கிவிட்டு ஒரு மத்தியானம் கூப்பிட்டேன். அவள் கணவர் எடுத்தார்.

"அவளுக்கு போன்ல சரியாக் கேக்காதுங்க. என்ன விசயம்னு சொல்லுங்க, நா சொல்லிருதேன்."

நல்ல மனிதராகத்தான் பேசினார். இரண்டு பிள்ளைகள் என்றார். அவள் தீப்பெட்டி ஒட்டுகிறாள், சௌக்கியம் என்றார். வைக்கும் முன் ஒன்று கேட்டேன்.

"இப்பவும் பாடுவாளா?"

"யாரு, மரகதமா?" என்று சிரித்தார். "பாட்டெல்லாம் அவளுக்கு என்னங்க தெரியும்? கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒரு தாலாட்டுகூடப் பாடுனது கெடையாது. நீங்க வேற யாரையோ நெனச்சுக் கேக்குதிய."

இருக்கலாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.